தின்பதற்கு எந்தச் செவ்வரத்தை? திருமலை வளவுகளுக்கு ஒரு ஒப்பீடு

"வேலியோரம் கொஞ்ச இடம் இருக்கிறது. பூவும் வேண்டும், சமையலுக்கும் உதவ வேண்டும். செவ்வரத்தை வைக்கலாமா?" இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் தின்ன நினைப்பது இதழையா, புளிப்பையா?

விநோதமான கேள்வியாகத் தோன்றும். ஆனால் எதை நடுவது என்ற முடிவு இதில்தான் தங்கியிருக்கிறது. கடைகளில் ஹிபிஸ்கஸ் தேநீர் என்று பைக்கற்றில் வரும் கருஞ்சிவப்புச் சருகு, நம் வேலியில் பூக்கும் செவ்வரத்தையின் இதழ் அல்ல. அது புளிச்சை என்ற இன்னொரு செடியின் புல்லி. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைபிடித்து நிற்கும் சிவப்பு உறை. தாவரவியலில் வேலிச் செவ்வரத்தை ஹிபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ், புளிச்சை ஹிபிஸ்கஸ் சப்தாரிஃபா. இரண்டும் அக்கா தங்கைதான், சுபாவம் மட்டும் வேறு. செவ்வரத்தை பல வருடம் நிற்கும் பற்றை. புளிச்சை ஒரு போகத்தோடு முடிந்துவிடும். ஒன்றை நட்டுவிட்டு மற்றதன் ருசியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நேர்சரியில் விற்கும் பெரிய பூக் கலப்பினச் செவ்வரத்தைகளையும் சேர்த்தால், திருமலை என்று நாம் சொல்லும் திருகோணமலையில் ஒருவர் முன்னால் இருக்கும் தெரிவுகள் மூன்று. கலப்பினத்தை முதலில் பேசி ஒதுக்கிவிடலாம்.

மஞ்சள், செம்மஞ்சள், இருநிறம், அடுக்கு இதழ் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். இதழில் நஞ்சொன்றும் இல்லை, தின்னலாம். ஆனால் பெரும்பாலும் ஒட்டுக்கன்று, வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் நாட்டுச் சிவப்பு அளவுக்கு ஈடுகொடுக்காது, பூவும் அந்தளவு வராது. அதைவிட முக்கியமான விடயம், விற்பனைக்கு வளர்த்த கன்றுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அலங்காரச் செடிக்கு அடிக்கும் மருந்தை, யாரும் தின்னப்போகிறார்கள் என்று நினைத்து அடிப்பதில்லை. வாங்கியே ஆகவேண்டும் என்றால் சில மாதம் உங்கள் வளவில் வளர்ந்து, புதுக் கிளையில் பூத்த பிறகு வாயில் வையுங்கள். முற்றத்து அழகுக்கு இது சரி. சமையலுக்கென்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆகவே உண்மையான போட்டி ஐந்து இதழ் நாட்டுச் சிவப்புக்கும் புளிச்சைக்கும்தான்.

நாட்டுச் சிவப்பைப் பற்றி நம்மூரில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. பத்திரகாளி அம்பாளுக்கு மாலை கட்டுவதும் இந்தப் பூதான், காலையில் பிள்ளையாருக்குப் பறிப்பதும் இந்தப் பூதான். பெரும்பாலும் விதை பிடிக்காது, தடியில்தான் பரம்பும். பென்சில் தடிப்பில் 6 முதல் 8 அங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் கழித்து, நிழலில் ஈரமாக வைத்தால் 4 முதல் 6 கிழமையில் வேர் விட்டுவிடும். ஐப்பசி மழை தொடங்கும்போது தடியை ஊன்றினால் மாரி முழுவதும் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். அயல்வீட்டில் கேட்டால் சும்மா தருவார்கள். செலவென்று பார்த்தால் இதை எதுவும் மிஞ்சாது.

இதன் பெரிய பலம், தண்ணீர் கிடைத்தால் வருடம் முழுவதும் பூக்கும். புதுக் கிளையில்தான் மொட்டு வரும் என்பதால், மழை ஓய்ந்து மாசி மாதத்தில் ஒருமுறை நன்றாகக் கத்தரித்துவிட்டால் பற்றை மறுபடி கொழிக்கும். பிறகு கச்சான் காற்று வரும். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் அந்த அனல்காற்றில் தண்ணீர் குறைந்தால் மொட்டெல்லாம் விரியாமலே கொட்டும். மாவுப்பூச்சி பெருகுவதும் அந்த நாட்களில்தான். கொழுந்து சுருண்டு, வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால், கூடவே எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்புதான் அந்தப் பூச்சிக்குக் காவல். சுருண்ட நுனியை வெட்டி எரித்துவிட்டு, குழாயால் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சி, மிச்சத்துக்கு வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும். தின்னும் செடிக்கு இதைவிடக் காரமான மருந்து வேண்டாம்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் வளவுகளில் இன்னொரு தொல்லை உண்டு. சிப்பித் தூள் கலந்த மணலில் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும், காரத்தன்மையால் வேர் அதை எடுக்கமுடியாமல் நிற்கிறது. குழியை 2 அடிக்குப் பெரிதாக வெட்டி, மாட்டெருவும் கூட்டெருவும் செம்மண்ணும் நிரப்பி நட்டால் பெரும்பாலும் தப்பலாம். கடலோரக் கிணறு கோடையில் உவர்க்கத் தொடங்கினால் இலை விளிம்பு கருகும். அப்படியான வளவில் கடலைப் பார்த்த வேலியில் நடாமல் வீட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு மண்ணைவிடப் பெரிய கேள்வி மான். பிரட்றிக் கோட்டையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சி, செவ்வரத்தை வைத்தவருக்குச் சோதனை. இலை, மொட்டு, பூ என்று பேதம் பார்க்காமல் தின்னும். மதிலுக்கு உள்ளே, கழுத்து எட்டாத தூரத்தில் வைக்க இடமில்லாவிட்டால் இந்த ஆசையை விட்டுவிடலாம். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்தில் மானின் இடத்தில் ஆட்டையும் மாட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், பற்றை வேர்பிடித்த பிறகு கடிபட்டாலும் திரும்பத் தழைக்கும். புளிச்சையை ஆடு ஒருமுறை மேய்ந்தால் அந்த வருட அறுவடை கோவிந்தா.

சரி, புளிச்சைக்கு வருவோம். நட்டுப் பார்க்கிறவர்களில் பலர் மாதத்தைத் தவறவிடுகிறார்கள் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

புளிச்சை பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலத்துக்கு இறங்கும்போதுதான் மொட்டு வைக்க மனம் வைக்கும். திருமலையில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை. ஜூன் மாதத்தில் 12 மணி 37 நிமிடம், டிசம்பரில் 11 மணி 37 நிமிடம், அவ்வளவுதான். அந்த ஒரு மணித்தியாலத்தையும் செடி கவனிக்கும். ஜமெய்க்காவில் இதே புல்லியை இஞ்சி சேர்த்து ஊறவைத்து நத்தார் பானமாகக் குடிப்பதற்கும் இதுதான் காரணம். நாள் குறுகிப் பூத்து, டிசம்பரில் காய் பறிக்கத் தயாராகிவிடும்.

நம்மூரில் இது மழையோடு வந்து மோதுகிறது. திருமலைக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் வாடையோடு கொட்டிவிடும். மழையை நம்பி ஒக்டோபரில் விதைத்தால், பகல் ஏற்கெனவே குறுகிவிட்டதால் செடி இடுப்பளவுக்கு வரமுன்பே பூக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் ஊற்றிற வேலை இல்லை, ஆனால் ஒரு செடியில் ஒரு பிடி காய்தான். மே மாதத்தில் விதைத்தால் ஆளுயரம் தாண்டிக் கிளைவிடும். ஆனால் கச்சான் முழுவதும் கிணற்றை இறைக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில், ஜூலை கடைசி அல்லது ஆவணித் தொடக்கத்தில் விதைப்பதுதான் என் தெரிவு. இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒக்டோபரில் நாள் குறுகும்போது கிளைகள் தயாராக இருக்கும், பிறகு மழை பார்த்துக்கொள்ளும். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரை காய் பறிக்கலாம். நன்றாக வந்த செடியில் ஒரு கிலோவுக்கு மேல் புல்லி எதிர்பார்க்கலாம். நான்கு செடி ஒரு வீட்டுக்குத் தாராளம்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம். காய் பறிக்கும் நேரம் வெயில் இல்லாத நேரம். பைக்கற்றில் வருவதுபோல் காயவைத்து வருடம் முழுவதும் தேத்தண்ணி குடிக்கலாம் என்ற கனவு கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்துவிடும். 10 கிலோ பச்சைப் புல்லி காய்ந்தால் 1 கிலோதான் மிஞ்சும். அவ்வளவு தண்ணீரையும் மாரி வானத்தின் கீழ் வெளியேற்றுவது எளிதல்ல. ஆகவே முதல் பறிப்பை ஜாமுக்கும் பானத்துக்கும் சம்பலுக்கும் வைத்துக்கொண்டு, தை மாத வெயில் திரும்பிய பிறகு பறிக்கும் கடைசிக் காய்களை மட்டும் சுளகில் பரப்பிக் காயவையுங்கள். தேநீர்ச் சருகுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால் செப்டம்பர் நடுவில் விதைப்பது நல்லது. செடி சிறுத்தாலும் அறுவடை வெயிலுக்குள் விழும்.

வளர்ப்பில் பெரிய நுட்பம் இல்லை. விதையை ஓரிரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில், 3 அடிக்கு ஒன்றாக நேரே நிலத்தில் போடலாம். ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். கிள்ளிய கொழுந்து அன்றைய கறிக்கு. யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் மண்டும். போன வருடம் வெண்டி நட்ட பாத்தியில் போடாமல் இடம் மாற்றுவது நல்லது, வேரில் முடிச்சு விழுத்தும் நூற்புழு இரண்டுக்கும் பொதுவான எதிரி. அப்புறம் காற்று. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருமலைக்கு வடக்கே கரையேறியது நினைவிருக்கும். புளிச்சை காய் சுமந்து தலைகனத்து நிற்பது சரியாக அந்தக் காலத்தில்தான். புயல் வேண்டாம், சாதாரண வாடைக்கே சாயும். அடியில் மண் அணைத்து, ஒரு கதியாலோடு கட்டிவிடுங்கள்.

இனி அடுப்படி. இதழுக்கென்று பெரிய ருசி இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய பச்சை வாசம், ஓரத்தில் லேசான புளிப்பு, மென்றால் வழுவழுப்பு. வெண்டிக்காய் பிடிக்காதவருக்கு இதுவும் பிடிக்காது. பிடிக்காததற்கு நியாயமும் உண்டு, இரண்டும் ஒரே குடும்பம், 1753இல் செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் வெண்டியையும் ஹிபிஸ்கஸ் என்றுதான் பதிந்தார். எனக்குப் பிடித்தது சம்பல். காலையில் விரிந்த பூவைப் பறித்து, நடுத்தண்டையும் பச்சைப் புல்லியையும் கழற்றி எறிந்து, எறும்பு போகக் கழுவி, இதழைக் கையால் கிழித்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டுப் பிசைந்து, கடைசியாகத் தேசிக்காய்ப் புளி. புளி பட்டவுடன் ஊதா மங்கல் போய் இளஞ்சிவப்பு ஏறும். மாசித்தூள் சேர்ப்பது அவரவர் விருப்பம். வெள்ளிக்கிழமை என்றால் வேண்டாம்.

சமைத்தால் நிறம் கறுக்கும். இரும்புத் தாச்சியில் வறைக்குப் போட்டால் கறுப்பே ஆகிவிடும், ருசிக்குக் கேடில்லை, ஆனால் விருந்தாளிக்கு வைக்க முடியாது. சப்பாத்து மினுக்க இதே இதழைத் தேய்த்த காலம் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் பிள்ளைகள் தின்னும், ஆனால் அது மாவின் ருசி, எண்ணெயின் ருசி. தேத்தண்ணி போடலாம். கொதிநீரில் இதழ் வெளிறி, தண்ணீர் ஊதாவாகும். தேசிக்காய் பிழிந்தால் சிவக்கும். அழகான பானம், ஆனால் தேசிக்காயும் சீனியும் இல்லாவிட்டால் வெறும் நிறத்தண்ணீர். ஆவரசம்பூத் தேத்தண்ணியில் கிடைக்கும் மணம்கூட இதில் இல்லை.

புளிச்சை அப்படியல்ல. இது சமையலறையில் வேலை செய்கிற பொருள். சிற்றிக் அமிலமும் மாலிக் அமிலமும் உள்ளதால் புளி தானாகவே இருக்கிறது. பழப்புளியோ கொறுக்காயோ போடுகிற இடத்தில் இதைப் போடலாம். சூடை மீன் குழம்பில் ஒரு பிடி இலையோ ஐந்தாறு புல்லியோ போட்டுப் பாருங்கள், குழம்பு சிவந்து, புளிப்பு பழப்புளியைவிடக் கூர்மையாக நிற்கும். இலையைப் பருப்போடு அவித்துக் கடைவது தெலுங்கர் சமையலில் பெரிய மரியாதை பெற்ற கறி. நம் சோற்றுக்கும் பழுதில்லை.

ஜாமுக்கு இது பிறந்த பொருள். ஜாமை உறையவைக்கும் பெக்ரின் இயற்கையாகவே இருப்பதால் வேறெதுவும் சேர்க்காமல் உறையும். பூ உதிர்ந்து மூன்று கிழமைக்குள், புல்லி தடித்து இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும்போது பறிக்க வேண்டும். காய் முற்றினால் புல்லி நாராகிவிடும். அடியை வெட்டி விதைக்காயைத் தள்ளி எடுத்துவிட்டு, மூடும் அளவு தண்ணீரில் புல்லியை அவித்து, எடைக்கு எடை சீனி போட்டுக் காய்ச்சுங்கள். உறைவது பிந்தினால் கழித்த விதைக்காய்களை வேறாக அவித்த தண்ணீரைச் சேர்க்கலாம், அதிலும் பெக்ரின் உண்டு. அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம், புளி அதை அரிக்கும். எவர்சில்வர் அல்லது மண்சட்டி.

மருந்து என்று நினைத்து நடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று ஊரில் சொல்வது புளிச்சைத் தேநீரைப் பற்றியது, வேலிச் செவ்வரத்தையைப் பற்றியதல்ல. 2010இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 65 பேர் 6 கிழமை பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினர் நாளுக்கு மூன்று தடவை 240 மில்லிலீற்றர் புளிச்சைத் தேநீர் குடித்தார்கள், மற்றவர்களுக்கு அதே ருசியில் ஒரு போலிப் பானம். தேநீர் குடித்தவர்களின் மேல் அழுத்தம் (120/80 என்பதில் முதல் எண்) சராசரியாக 7.2 குறைந்தது, போலிப் பானத்துக்கு 1.3. குறைவது உண்மை, மாத்திரையை விடச் சொல்லும் அளவு அல்ல. ஏற்கெனவே அழுத்த மாத்திரை எடுப்பவர் இதையும் தினமும் குடித்தால் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கலாம், வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கர்ப்பிணிகள் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. செவ்வரத்தைப் பூச் சாறு கரு தங்குவதைத் தடுப்பதாக எலிகளில் செய்த ஆய்வுகள் உண்டு, பழைய நாட்டு வைத்தியத்திலும் அந்த நோக்கத்துக்குப் பாவித்திருக்கிறார்கள். புளிச்சை இலையில் கல் உருவாக உதவும் ஒக்சலேற் என்ற உப்பு இருப்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்களும் அளவோடு.

பூசைக் கூடையில் ஒன்றாகக் கிடக்கும் செவ்வலரியைப் பிள்ளைகள் இதோடு சேர்த்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலரி கடும் நஞ்சு, இதயத்தைத் தாக்கும். கோவில் வாசலில் விற்கும் பூவையும் சாப்பிட எடுக்க வேண்டாம், எந்தத் தோட்டத்தில் என்ன மருந்தோடு வந்ததென்று விற்பவருக்கே தெரியாது.

இவ்வளவையும் வைத்து நான் யாருக்கு எதைச் சொல்வேன்? பூசைப் பூவும் எப்போதாவது ஒரு சம்பலும் போதும், செடிக்குப் பின்னால் திரிய நேரமில்லை என்பவருக்கு நாட்டுச் சிவப்புத்தான். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் மண்ணும் வாய்க்கால் தண்ணீரும் உள்ளவர், ஜாமோ பானமோ செய்து வைக்கும் கை உள்ளவர் என்றால் தயங்காமல் புளிச்சை. உணவு என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் புளிச்சைக்குப் பக்கத்தில்கூட வேலிச் செவ்வரத்தை வராது. கடற்கரை மணலில் இருப்பவருக்கு இரண்டுமே பாடுதான். ஆனால் புளிச்சைக்கு மண்ணைச் சரிக்கட்ட வேண்டியது ஒரு போகத்துக்கு மட்டும், பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் விட்டுவிடலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே காரணம் பொருந்தும். 15 லீற்றர் பெயின்ற் வாளியில் துளையிட்டு ஒரு செடி வைக்கலாம், செடி சிறுக்கும், ஒரு போத்தல் ஜாமுக்குக் குறைவில்லை.

மதிலும் கிணறும் உள்ள சாதாரண நகர வளவு என்றால் இரண்டையும் வைக்கத்தான் சொல்வேன், ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்காது. செவ்வரத்தை வேலியில் நிற்கட்டும். புளிச்சையை, கச்சானில் வெண்டியும் கத்தரியும் முடிந்து வெறுமையாகும் பாத்தியில், வெண்டி நின்ற வரிசையைத் தவிர்த்துப் போடுங்கள். விதைக்கு முதல் வருடம் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். அடுத்த வருடத்துக்கு, கிளையில் நான்கைந்து காயைப் பறிக்காமல் விட்டு, பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, காய்ந்த போத்தலில் கொஞ்சம் சாம்பலோடு போட்டு மூடிவைத்தால் ஆவணி வரை பழுதில்லாமல் இருக்கும்.